கைபேசி எண்ணும் காலடிகள்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் மாணவிகளுக்கு இரத்தசோகை பார்க்க எங்கள் பள்ளிக்கு ஒரு மருத்துவக் குழு வந்தது. வேலை முடிந்ததும், "அப்படியே டீச்சர்களும் வாங்க" என்று எங்களுக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒன்பது பேரில் நான்கு பேருக்குச் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நின்றது. அந்த நால்வரில் நானும் ஒருத்தி. எனக்கு வயது நாற்பத்து நான்கு.

"இப்போ மாத்திரை வேண்டாம் டீச்சர். தினமும் அரைமணி நேரம் நடங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

"நாள் முழுக்க வகுப்புல நின்னுக்கிட்டுத்தான இருக்கோம். அது போதாதா?" என்று கேட்டேன்.

"நிக்கிறது வேற, நடக்கிறது வேற. சந்தேகமா இருந்தா ஒரு வாரம் போனை இடுப்புல கட்டிக்கிட்டுப் பாருங்க" என்றார்.

கட்டிக்கொண்டு பார்த்தேன். சேலையில் பை கிடையாது என்பதால் சிறிய துணிப்பை ஒன்றைத் தைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கைப்பையோடு ஆசிரியர் அறையில் கிடக்கும் கைபேசி நம் நடையை எண்ணாது. ஒரு வாரச் சராசரி 3,400 காலடி. வீட்டு வேலை, பேருந்து நிறுத்தம், ஏழு பாடவேளை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஓடியாடி உழைப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல அடி. கைபேசி செய்த முதல் நன்மை அதுதான். நம்மைப் பற்றி நாமே வைத்திருந்த மதிப்பீட்டைத் திருத்திக் காட்டியது.

அன்றிலிருந்து இன்றுவரை நான் நடந்ததையும், நடுவில் நின்றுபோனதையும், என் அனுபவத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோய் ஒரு தவறு செய்ததையும் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. நான் அறிவியல் ஆசிரியர் என்பதால் முதலில் இந்தக் கருவி எப்படி எண்ணுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கைபேசிக்குள் என்ன நடக்கிறது?

திறன்பேசிக்குள் முடுக்கமானி என்ற ஓர் உணரி இருக்கிறது. அரிசி மணி அளவிலான சிலிக்கான் சில்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு நிறை, நுண்ணிய வில்களில் தொங்குகிறது. கைபேசி அசையும்போது அந்த நிறை நிலைமத்தால் சற்றே பின்தங்குகிறது. அதற்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் இடையிலான தூரம் மாறுவதால் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றத்தை முடுக்கமாகக் கணக்கிடுகிறார்கள். மேல்கீழ், இடவலம், முன்பின் என மூன்று அச்சுகளிலும் இது நடக்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதே நிலைமம்தான்.

நடக்கும்போது உடல் ஒரே சீராக ஏறி இறங்குகிறது. சாதாரண நடையில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஒரு மேடும் பள்ளமும் உணரியில் பதிவாகும். அந்த மேடுகளைத்தான் செயலி எண்ணுகிறது. காலை அது பார்ப்பதில்லை, அசைவின் தாளத்தைப் பார்க்கிறது. அதனால்தான் கையில் வைத்துச் சீராகக் குலுக்கினாலும் எண்ணிக்கை ஏறும். குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனத்தில் போனாலும் சில நேரம் ஏறும். என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவன் கைபேசியை வாங்கி நூறு முறை ஆட்டிவிட்டு, "டீச்சர், உங்களுக்கு நூறு ஸ்டெப் இனாம்" என்றான்.

அந்தக் குறும்பையே செய்முறை ஆக்கலாம். ஒரு மாணவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நூறு அடி நடக்கட்டும். கைபேசி ஒருமுறை சட்டைப்பையில், ஒருமுறை கையில், ஒருமுறை புத்தகப்பையில். மூன்று எண்களும் வேறுபடும். கருவியின் பிழை என்றால் என்ன, ஒரே அளவீட்டை ஏன் பலமுறை எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

செயலியைத் திறந்ததும் அது எனக்கு இட்ட இலக்கு 10,000 காலடி. 3,400 நடப்பவளிடம் 10,000 கேட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் வீம்புக்கு நடந்து ஒருநாள் தொட்டேன். மறுநாள் முழங்கால் வீங்கியது.

இந்த எண்ணின் கதை சுவையானது. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. நாடு முழுவதும் உடற்பயிற்சி பற்றிய பேச்சு பரவிய அந்த நேரத்தில், 1965-இல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போகெய். 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள். மனத்தில் நிற்கும் முழு எண் என்பதால் அந்தப் பெயர் பரவியது. உலகமே பின்னர் அதை இலக்காக எடுத்துக்கொண்டது.

ஆய்வுகள் சொல்வது இதைவிட ஆறுதலானது. அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட சுமார் 16,700 பெண்களின் காலடிகளை அளந்து பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போய், அதற்குமேல் அதிக மாற்றமில்லை. அது மூத்த பெண்களைப் பற்றிய ஆய்வு, எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் குறைவாக நடப்பவர் சற்றுக் கூடுதலாக நடந்தாலே பயன் உண்டு என்பதை அது காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் காலடிக் கணக்கே சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்கிறது.

ஆகவே செயலி தரும் இலக்கை அழித்துவிட்டு, என் சராசரியோடு ஆயிரத்தைக் கூட்டி 4,400 என்று வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் தவறாமல் எட்டிய பிறகு 5,000.

தொடங்குவது எளிது

கைபேசி நம்மை நடக்கத் தூண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. 2016-இல் போக்கிமான் கோ என்ற விளையாட்டு வந்தது நினைவிருக்கும். தெருத்தெருவாக நடந்து பொம்மை உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் இதை விளையாடியவர்களின் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முதல் வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடி கூடுதலாக நடந்திருந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள். புதுத் துடைப்பம் நன்றாகப் பெருக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

என் கதையும் அதேதான், சற்றே நீண்டது. நான் பயன்படுத்திய செயலி, தொடர்ச்சியாக இலக்கை எட்டிய நாள்களை ஒரு சிறிய தீச்சுடர் படத்தோடு காட்டும். பத்து நாள், இருபது நாள் என்று அது ஏற ஏற எனக்குப் பெருமை. இரவு ஒன்பதரை மணிக்கு நானூறு காலடி குறைகிறதே என்று மொட்டைமாடியில் சுற்றியிருக்கிறேன். வீட்டில் கேலி செய்தார்கள். நாற்பத்தோராம் நாள் வரை போனது. பிறகு அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள், அத்தோடு மாமியாருக்கு மருத்துவமனை. இரண்டு நாள் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை திறந்தால் சுடர் அணைந்து, '0' என்று நின்றது.

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது சோம்பல் அல்ல, ஒருவகைக் கசப்பு. நாற்பத்தொரு நாள் நடந்த கால்கள் என்னிடம்தானே இருக்கின்றன? அந்த நடையால் வந்த நன்மை உடலில்தானே இருக்கிறது? அதை எப்படி இல்லை என்று சொல்கிறது இது? ஆனாலும் மனம் உடைந்துதான் போனது. அடுத்த மூன்று வாரம் செயலியைத் திறக்கவே இல்லை, நடக்கவும் இல்லை.

பிறகொரு நாள் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஓர் உடற்பயிற்சிக் கூடத் தொடரின் 61,293 உறுப்பினர்களிடம், தொடர்ந்து வரவழைக்கும் 54 விதமான நான்கு வாரத் திட்டங்களைச் சோதித்திருக்கிறார்கள். நினைவூட்டல் செய்திகள், புள்ளிகள், சிறு பரிசுகள் எனப் பலவகை. அவற்றில் 45 விழுக்காட்டுத் திட்டங்கள் வருகையை 9 முதல் 27 விழுக்காடு வரை உயர்த்தின. எல்லாவற்றிலும் முன்னால் நின்றது எது தெரியுமா? ஒருநாள் தவறவிட்ட பிறகு திரும்பி வந்தவருக்கு மிகச் சிறிய கூடுதல் பரிசு கொடுத்த திட்டம். தவறாமல் வந்தவரைப் பாராட்டுவதைவிட, தவறியவர் திரும்பி வந்ததைக் கவனித்தது கூடுதல் பலன் தந்திருக்கிறது. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்த திட்டங்கள் 8 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது உடற்பயிற்சி அல்ல, வருகைப் பதிவேடு. பத்து நாள் வராமல் இருந்துவிட்டுப் பதினோராம் நாள் வகுப்பு வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையிடம் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "என்ன, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" நானே கேட்டிருக்கிறேன். அந்தச் செயலி எனக்குக் காட்டிய பூஜ்யமும் இந்தக் கேள்வியும் ஒன்றுதான்.

ஆசிரியர் அறையில்

முகாமில் எல்லைக்கோட்டில் நின்ற நால்வரும், இன்னொருவரும் சேர்ந்து ஜனவரியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். குழுவுக்கு யோசனை தந்ததும் ஓர் ஆய்வுதான். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். எல்லோரும் காலடி இலக்கு வைத்துக்கொண்டார்கள். எட்டினார்களா இல்லையா என்ற செய்தியும் எல்லோருக்கும் தினமும் போனது. பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விளையாட்டு. வாரத் தொடக்கத்திலேயே குடும்பத்துக்கு 70 புள்ளி கொடுத்துவிடுவார்கள். தினமும் குலுக்கலில் ஒருவர் பெயர் வரும். அவர் முந்தைய நாள் இலக்கை எட்டாவிட்டால் குடும்பமே 10 புள்ளி இழக்கும். விளையாடியவர்கள் 53 விழுக்காட்டு நாள்களில் இலக்கை எட்டினார்கள். வெறும் எண்ணிக்கை மட்டும் பெற்றவர்கள் 32 விழுக்காடு. விளையாட்டு முடிந்த அடுத்த 12 வாரங்களில் இடைவெளி சுருங்கினாலும் மறைந்துவிடவில்லை. புள்ளிக்குக் கடையில் எதுவும் வாங்க முடியாது. தன்னால் வீட்டார் தோற்கக்கூடாது என்ற எண்ணம்தான் வேலை செய்திருக்கிறது. திங்கட்கிழமை தோறும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதையும் கவனியுங்கள்.

எங்கள் குழுவில் புள்ளி இல்லை. இரண்டே விதி. யார் எவ்வளவு நடந்தார் என்று எண்ணைப் போடக்கூடாது. நடந்தால் ஒரு கட்டைவிரல் போதும். தொடர்ந்து இரண்டு நாள் கட்டைவிரல் வராதவரை மூன்றாம் நாள் மாலை யாராவது ஒருவர் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு நடக்க வேண்டும். முதல் விதி வந்ததற்குக் காரணம் உண்டு. முதல் வாரத்தில் எண்களைப் போட்டோம். கணித ஆசிரியர் 12,000 போட்டார். மூட்டுவலி உள்ள தமிழாசிரியை 2,500 போட்டுவிட்டு அன்றே குழுவிலிருந்து வெளியேறினார். சமாதானம் செய்து திரும்ப அழைத்து வர நான்கு நாள் ஆனது.

நேரம் எங்கே என்பீர்கள். நாங்கள் ஏறும் பேருந்து 4.50-க்கு வரும். அதுவரை நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம். இப்போது அடுத்த நிறுத்தம் வரை பேசிக்கொண்டே நடக்கிறோம், அங்கே ஏறுகிறோம். இருபத்திரண்டு நிமிடம். வேறெந்த மாற்றமும் செய்யவில்லை. ஏப்ரலில் பார்த்தபோது என் சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. உணவும் மாற்றியிருந்தேன், எல்லாப் புகழும் நடைக்கே என்று சொல்ல மாட்டேன்.

செயலி எது என்று சிலர் கேட்கிறார்கள். 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஃபிட் இந்தியா செயலி இலவசம். பல கைபேசிகளில் காலடிமானி முன்பே இருக்கும். எதுவானாலும், காலடி எண்ணுவதற்கு உங்கள் தொடர்பு எண்களோ புகைப்படங்களோ தேவையில்லை. அவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே இலக்கு வைக்க வேண்டும்.

வகுப்பறையில் நான் செய்த தவறு

உலக அளவில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருப்பதாக 2016-ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின. நம் பங்கும் இதில் உண்டு. உடற்கல்விப் பாடவேளையைப் 'பாடம் முடியவில்லை' என்று கேட்டு வாங்கியவர்களில் நானும் இருக்கிறேன்.

அந்தக் குற்ற உணர்வில் எட்டாம் வகுப்பில் ஒரு திட்டம் தொடங்கினேன். பிள்ளைகள் கையில் கைபேசி கொடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். மைதானத்தை அளவுநாடாவால் அளந்தோம்; ஒரு சுற்று 160 மீட்டர். தினமும் மாலை பதினைந்து நிமிடம். யார் எத்தனை சுற்று என்று பெயரோடு ஓர் அட்டவணை வகுப்புச் சுவரில். முதலிடம் பிடிப்பவர்களுக்கு நட்சத்திரம்.

மூன்று நாள் அமர்க்களமாகப் போனது. நான்காம் நாள் கனத்த உடம்புக்காரப் பையன் ஒருவன் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே இருந்துவிட்டான். ஐந்தாம் நாளும் வயிற்றுவலி. அட்டவணையைப் பார்த்தேன். மூன்று நாளும் கடைசிப் பெயர் அவனுடையது. யாருக்காகத் திட்டத்தைத் தொடங்கினேனோ, அவனைத்தான் அது முதலில் வெளியே தள்ளியிருக்கிறது. அன்று மாலையே அட்டவணையைக் கிழித்தேன்.

அதற்குப் பதிலாகத் தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டினேன். வகுப்பில் 32 பேர். ஆளுக்கு ஐந்து சுற்று என்றால் 32 × 5 × 160 = 25,600 மீட்டர். நாளொன்றுக்கு 25.6 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கன்னியாகுமரி சாலை வழியே சுமார் 245 கிலோமீட்டர். "எத்தனை நாள்ல போய்ச் சேருவோம்?" என்று கேட்டேன். கணக்குப் போட்டு, பத்தாம் நாள் என்றார்கள். என் கைபேசிக்கு இதில் இரண்டே வேலை, பதினைந்து நிமிடத்துக்கு மணியடிப்பதும் அன்றைக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று வரைபடத்தில் காட்டுவதும். முதல் நாளே திருமங்கலம் தாண்டினோம். கோவில்பட்டியை நெருங்கிய அன்று கடலைமிட்டாய் வேண்டும் என்று ஒரே சத்தம்; வாங்கிக் கொடுத்தேன், நடையெல்லாம் வீண் என்று உடற்கல்வி ஆசிரியர் சிரித்தார்.

வயிற்றுவலிக்காரன் இரண்டாம் நாள் தானாக இறங்கினான். மூன்று சுற்றுதான் முடிந்தது. "மூணு சுத்துன்னா 480 மீட்டர்டா, அது இல்லைன்னா நாம இன்னும் பின்னாடிதான் நிப்போம்" என்று ஒருத்தி கணக்குச் சொன்னாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. காய்ச்சலில் நான்கு நாள் வராத இன்னொரு மாணவி திரும்பிய அன்று, அவளுடைய சுற்றுகளை வரைபடத்தில் சிவப்பு மையால் தனியாகக் குறித்தோம். அதன்பின் விடுப்பு முடிந்து வருகிற எல்லோருக்கும் சிவப்பு மை வேண்டுமாம்.

பத்தாம் நாள் கன்னியாகுமரி சேரவில்லை. வருகை குறைவு, இரண்டு நாள் மழை. பதினான்காம் நாள்தான் போய்ச் சேர்ந்தோம். நாள்வாரியான தூரங்களை வைத்தே சராசரியும் இடைநிலை அளவும் கணித ஆசிரியர் திருப்புதலாக நடத்தினார்.

இப்போது திரும்பி வடக்கே, சென்னை நோக்கிப் போகிறோம். மழை நாளில் என்ன செய்வது என்று கேட்டு அவர்களே தாழ்வாரத்தை அளந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 32 மீட்டர். ஐந்து முறை கடந்தால் மைதானத்தில் ஒரு சுற்று. எனக்கு இந்த மாதம் இதுவரை நான்கு நாள் தவறியிருக்கிறது. நேற்று மாலை தமிழாசிரியைதான் கூப்பிட்டார்.